தானே அடுக்கிக்கொள்ளும் திரை

காலை ஒன்பது பன்னிரண்டுக்கு அவள் மருத்துவமனையின் பதிவறையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மருத்துவமனைக் கணினிகளுக்குப் புதிய முகப்புத்திரை வடிவமைக்கும் குழுவில் அவள் வேலை எளிமையானது. வேலை செய்பவரின் பக்கத்தில் உட்கார வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது, பார்த்ததை எழுத வேண்டும். அதுவரை ஆறு பேரைப் பார்த்திருந்தாள். பதிவறை அக்கா ஏழாவது.

அக்காவுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. நோயாளிகளின் தாள்களை ஸ்கேன் செய்து அந்தந்தப் பிரிவின் ஃபோல்டரில் இழுத்துப் போடுவார். திரையில் இருபத்திரண்டு ஃபோல்டர்கள் இருந்தன. மூலையில் மூன்று, விளிம்பை ஒட்டி எட்டு, மற்றவை இறைந்து கிடந்தன. எலும்புப் பிரிவு மட்டும் வரிசையை விட்டு அரை விரல் கீழே தொங்கியது.

“என்னம்மா, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கறீங்க? நான் என்ன கஜானாவையா தூக்கிட்டுப் போகப் போறேன்?”

“நான் இங்க இல்லைன்னு நெனச்சுக்கோங்கக்கா.”

“எங்க அண்ணி என்னை அப்படித்தான் நெனச்சுக்கறாங்க. குடும்பம் பாட்டுக்கு நல்லாத்தான் ஓடுது.”

அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதைத் தொடுவதாக இருந்தாலும் முதலில் மவுஸை வேகமாகத் தள்ளி, அம்புக்குறியை இடது மேல் மூலையில் முட்டவிடுவார். பிறகு அங்கிருந்து அளந்தாற்போல் கீழே இறங்குவார். அவள் குறிப்பேட்டில் எழுதினாள்: தேவையற்ற அசைவு. ஒவ்வொரு முறையும் ஒரு நொடி வீண்.

பதினொரு மணிக்கு அக்கா டீ குடிக்கப் போனார். அறையில் அவளும் திரையும் மட்டும் இருந்தார்கள். கோணலாக நிற்கும் எதையும் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கை தன்னால் போய் எலும்புப் பிரிவை மேலே தூக்கி வரிசையில் வைத்தது. அதற்குக் கீழே இருந்த குழந்தைகள் பிரிவையும் சற்று ஏற்றி, அந்தக் காலி இடத்தில் உட்காரவைத்தது. இப்போது பார்க்க லட்சணமாக இருந்தது.

அக்கா திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார். அரை மணி நேரத்தில் தொலைபேசி அடித்தது. குழந்தைகள் பிரிவின் நர்ஸ், அறைக்கே கேட்கும் குரலில் பேசினார்.

“எழுபத்தஞ்சு வயசு, இடுப்பெலும்பு முறிவு. இவருக்கு எங்ககிட்ட என்ன வேலை? கிலுகிலுப்பை வாங்கிக் குடுக்கவா? ஒண்ணு ரெண்டு இல்ல, பதினொரு பேர அனுப்பி வெச்சிருக்கீங்க.”

அக்கா தொலைபேசியை வைத்தார். திரையின் பக்கம் திரும்பவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து அவளுடைய காதுக்கு அருகில் எதையோ பார்த்தார்.

“யாராவது எதையாவது நகத்தினாங்களா?”

“நான்தான்க்கா. கோணலா இருந்துச்சுன்னு.”

அக்கா எழுந்து கதவைச் சாத்தினார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் திட்டவில்லை.

“நேராப் பாத்தா நடுவுல ஒரு கறை, ரெண்டு கண்ணுலயும். ஓரத்துல தெரியும். உங்க முகம் தெரியல, காது தெரியுது. தாளைப் பெருசாக்கி, சாய்ச்சு வெச்சு எப்படியோ படிச்சுடுவேன். ஃபோல்டர் பேரையெல்லாம் அப்படிப் படிச்சுக்கிட்டிருந்தா பொழுது போயிடும். அதனால எது எங்கன்னு கையில வெச்சிருக்கேன். மூலையிலேருந்து ரெண்டு விரல் கீழே இருதயம். அங்கேருந்து ஒரு விரல், கூட அரை, எலும்பு.”

“டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“வேற ஊர்ல போய்க் காட்டினேன். போனது போனதுதான்னு சொல்லிட்டாரு. இங்க யாருக்கும் தெரியாது. வேலைக்குப் போற வரைக்கும்தான் அண்ணன் வீட்டுல எனக்குன்னு ஒரு அறை. இத எழுதிடாதீங்கம்மா.”

“எழுத மாட்டேன்க்கா.”

அவள் குறிப்பேட்டில் முன்பு எழுதிய வரியை அடித்தாள். அந்த இடத்தில் வேறு எதையும் எழுதவில்லை.

குழுத்தலைவருக்கு முதுகுக்குப் பின்னால் காலண்டர் என்று பெயர். எதைப் பேசினாலும் தேதியில்தான் தொடங்குவார்.

“பதினெட்டாம் தேதி ஒப்படைக்கணும். காட்டிப் பாத்த பன்னெண்டு பேர்ல பதினொரு பேருக்குப் புதுத் திரை பிடிச்சிருக்கு. எது அடிக்கடி தேவையோ அது தானா முன்னால வந்து நிக்குது. அப்புறம் என்ன?”

“எதுவும் நகராம இருக்க ஒரு வசதி வேணும் சார். வெச்சது வெச்ச இடத்துல இருக்கட்டும்.”

“யாரு கேட்டாங்க?”

“ஒருத்தர்.”

“எதுக்காம்?”

“அதைச் சொல்ல முடியாது சார்.”

“காரணமில்லாம ஒரு கோடுகூடச் சேர்க்க மாட்டேன். எழுதிக் குடு, பேசிப் பாக்கறேன்.”

இரண்டு நாள் அவள் எழுதவில்லை. எழுதாவிட்டால் தானே அடுக்கிக்கொள்ளும் திரை அப்படியே பதிவறைக்குப் போகும். அக்காவின் கையிலிருக்கும் கணக்கு ஒரே காலையில் செல்லாமல் போகும். அறிக்கையில் யார் பெயரும் இருப்பதில்லை, எண் மட்டும்தான். அந்த எண்ணை நம்பி மூன்றாம் நாள் எழுதினாள்: பயனர் ஏழு. பார்வையின் நடுப்பகுதி இல்லை. இடத்தை நினைவில் வைத்தே வேலை செய்கிறார். இடம் மாறினால் செய்ய முடியாது.

அறிக்கையின் ஒரு பிரதி மருத்துவமனை நிர்வாகத்துக்கும் போகும் என்பது அவளுக்குத் தெரியும். யார் பக்கத்தில் எந்த நாள், எந்த மணிக்கு உட்கார வேண்டும் என்று வரிசை எண் போட்டுப் பட்டியல் கொடுத்ததே நிர்வாகம்தான் என்பதும் தெரியும். இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து அவள் நினைத்துப் பார்த்தபோது மின்னஞ்சல் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

“பெரிய எழுத்து சேர்த்தாச்சு. உன் ஏழாம் நம்பரை நாங்க விட்டுடல, பாத்தியா?” என்றார் காலண்டர்.

“எழுத்து இல்ல சார். இடம்.”

“அது அடுத்த பதிப்புல பாக்கலாம்.”

பத்தொன்பதாம் தேதி புதுத் திரை பதிவறைக்கு வந்தது. பழக்கிவிட அவளையே அனுப்பினார்கள். எழுத்துகள் விரல் பருமனுக்கு இருந்தன. ஆறு ஃபோல்டர்கள்தான் திரையில் தெரிந்தன, மற்றவை அடியில் எங்கோ இருந்தன. அக்கா மவுஸை மூலைக்குத் தள்ளினார். இரண்டு விரல் இறங்கி அழுத்தினார். தோல் நோய்ப் பிரிவு திறந்தது. மூடிவிட்டு மறுபடி மூலைக்குப் போய் மறுபடி இறங்கினார். அதற்குள் தோல் நோய்ப் பிரிவு ஓரிடம் மேலே ஏறியிருந்தது. இப்போது பிரசவப் பிரிவு திறந்தது.

“சுறுசுறுப்பாத்தான் இருக்கு. ஒரு இடத்துல நிக்குதா பாருங்க” என்றார் அக்கா.

சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்காது.

மதியத்துக்குள் முப்பது தாள்களில் நான்குதான் போய்ச் சேர்ந்தன. அக்கா மவுஸை விட்டுவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். நிர்வாகத்தின் முத்திரை இருந்தது. வெள்ளிக்கிழமை பத்து மணி, கண் பரிசோதனை, கட்டாயம்.

“இங்க கம்ப்யூட்டர்ல வேலை பாக்கறவங்க பத்து பேருக்கும் மேல, அதுல எனக்கு மட்டும்தான் வந்திருக்கு. அண்ணிகிட்ட இன்னும் சொல்லல.”

அவள் கடிதத்தைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். மடித்துக் கொடுக்கும்போது அக்காவின் கை கடிதத்துக்கு ஒரு சாண் தள்ளி நீண்டு காத்திருந்தது. அந்தக் கையைத் தேடிப்போய் வைத்தாள்.

“என் பக்கத்துல உக்காந்து பாத்தது நீங்க ஒருத்தர்தான்மா. வெள்ளிக்கிழமை கூட வந்து, இவங்க வேலையெல்லாம் நல்லாத்தான் பாக்கறாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்களா?”