இது யார் சொன்னது

பென்சிலின் முனை அந்த வரியின் அடியில் வந்து நின்றுவிட்டது, நகரவில்லை, நான் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து என் கட்டுரையைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தலைகீழாகப் பார்க்கும்போது அது நான் எழுதியது மாதிரியே இல்லை, யாரோ எழுதி என் பைக்குள் வைத்துவிட்டுப் போன தாள் மாதிரி இருக்கிறது, ஜூடித் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, இது யார் சொன்னது என்று கேட்கிறார், மெதுவாகத்தான் கேட்கிறார், மெதுவாகக் கேட்கிறவர்களிடம்தான் கூடக் கவனம் வேண்டும், அதட்டுகிறவனுக்கு வேண்டியது பதில், மெதுவாகக் கேட்கிறவருக்கு வேண்டியது ஆள், நான் சுவரில் ஒட்டியிருந்த பூனைப் படத்தைப் பார்க்கிறேன், ஒருவரும் சொல்லவில்லை என்கிறேன். ஜூடித் எங்களுக்கு ஆங்கிலத்தில் கட்டுரை எழுதக் கற்பிப்பவர், நான் அகதியாக வந்து சேர்ந்த ஊரான ஸ்காபரோவில் இந்தக் கல்லூரிக்குள் நுழைகிற எவரும் முதல் தவணையில் அந்தப் பாடத்தைத் தேறியாக வேண்டும், தேறினால்தான் என்னை ஆய்வுகூடப் படிப்புக்குள் விடுவார்கள், தேறாவிட்டால் மிச்சக் காலமும் பாண் தொழிற்சாலையில் பெல்ட்டுக்கு முன்னால் நின்று சூடாக வருகிற பாண் ரொட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான், இதெல்லாம் அவருக்கும் தெரியும், தெரிந்துதான் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் நாளே எனக்கு அவரில் சந்தேகம் விழுந்துவிட்டது, பலகையில் தன் பெயரை எழுதி, மிஸ் வேண்டாம், பேராசிரியர் வேண்டாம், ஜூடித் என்றே கூப்பிடுங்கள் என்றார், கேளாமல் தன் பெயரைத் தருகிறவர் பிறகு எங்களிடம் எதையோ வாங்கத்தான் தருகிறார், அடுத்ததாகக் கதிரைகளை வட்டமாகப் போடச் சொன்னார், வட்டத்தில் பின்வரிசை கிடையாது, கதவுக்குப் பக்கத்து இடம் என்று ஒன்றும் கிடையாது, எவர் முகமும் எவருக்கும் தெரியும், பிறகு ஒவ்வொருவராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, உங்கள் கருத்து என்ன என்று கேட்டார், என்னுடைய முறை வந்தபோது எனக்குக் கருத்து ஒன்றுமில்லை என்றேன், எல்லோரும் சிரித்தார்கள், நான் பகிடி விடவில்லை. இரண்டாம் கிழமை அவர் பலகையில் எழுதிக்கொண்டே போகிறார், கருத்து இருந்தால் அதற்கு ஆதாரம் வேண்டும், ஆதாரம் இருந்தால் அதைச் சொன்ன ஆள் வேண்டும், ஆளுக்குப் பெயர் வேண்டும், எப்போது சொன்னார், எங்கே சொன்னார், அத்தனையும் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், குடும்பப் பெயர் முன்னால் வர, அகர வரிசையில், மற்றவர்கள் குனிந்து குறிப்பெடுக்கிறார்கள், நான் பேனாவை மூடி வைக்கிறேன், இவர்களுக்கு விளங்கவில்லையா, இந்தக் கடைசிப் பக்கத்தை யாரிடம் கொடுக்கப் போகிறார், எந்த அலுமாரிக்குள் வைக்கப் போகிறார், என்று நான் வட்டத்தைச் சுற்றிப் பார்க்கிறேன், ஒரு முகத்திலும் ஒரு கேள்வியும் இல்லை. ஊரில் அம்மா என் தலையை இழுத்து வாருகிறார், நான் ஏழாம் வகுப்பு, சந்தியில் இராணுவத்தினர் சோதனைச் சாவடி போட்டிருக்கிறார்கள், அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம், ஆரோடை வந்தனீ எண்டு கேட்டால் என்ன சொல்லுவாய், தனிய, ஆர் சொன்னது எண்டு கேட்டால், தெரியாது, அவையின்ரை பேர் என்ன எண்டு கேட்டால், தெரியாது, கெட்டிக்காரன், உன்ரை பேரைக் கேட்டால், சொல்லுவன், ஓம், அதை மட்டும் சொல்லு, அதுவும் கேட்டால்தான் சொல்லு, சீப்பு நின்று மறுபடி இழுக்கிறது, வாய்ப்பாடு சொல்லித் தந்த மாதிரித்தான் அம்மா இதையும் சொல்லித் தந்தார், வாய்ப்பாடு மறந்துவிட்டது. ஒரு காலையில் ஊரையே பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள், ஜீப்புக்குள் சாக்கால் முகம் மூடி ஒருவனை இருத்தியிருந்தார்கள், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை, நாங்கள் ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் நடந்தோம், அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளை வரிசையிலிருந்து இறக்கிவிடுவார்கள், இறக்கியவர்கள் திரும்பி வரவில்லை, தலையாட்டி என்றுதான் அவனைச் சொல்வோம், அவனுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும், வகுப்பு முடிந்து எல்லோரும் கதிரையை இழுக்கிற சத்தம், பலகையில் இன்னும் அழியாமல் இருக்கிறது, பெயர், நாள், இடம்.

இப்படிப்பட்டவன் அந்த வரியை எழுதாமல் விட்டிருக்கலாம், விட முடியவில்லை, எங்களுக்குத் தரப்பட்ட வேலை, நீங்கள் அறிந்த ஓர் இடத்தைப் பற்றி ஒரு கருத்தை வைத்து நிறுவுங்கள், குறைந்தது ஒருவரிடமாவது பேசி எழுதுங்கள், நான் பாண் தொழிற்சாலையை எழுதினேன், அங்கே வேலை செய்கிறவர்கள் ஏன் பாண் சாப்பிடுவதில்லை என்று எழுதினேன், கூடை கூடையாக உடைந்த பாண் கிடக்கும், சும்மா எடுக்கலாம், எடுப்பதில்லை, எல்லோரும் சோறுதான் கட்டிக்கொண்டு வருவார்கள், ஏன் என்று ஒருநாள் சாப்பாட்டு அறையில் கேட்டேன், எனக்கு எதிர்ப்பக்கம் பெல்ட்டில் நிற்கிற பூஷணி அக்கா கத்தரிக்காய்க் குழம்பைப் பிசைந்துகொண்டே, பாண் மணத்திலையே வயிறு நிறைஞ்சு போகுது தம்பி, அதையும் கணக்குப் பார்த்துச் சம்பளத்திலை கழிச்சுப் போட்டுத்தானே தாறாங்கள், என்று சொன்னார், மேசையே குலுங்கிச் சிரித்தது, நான் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அதை ஆங்கிலத்தில் மாற்றிப் பார்த்தேன், முழுநாளும் பார்த்தேன், மூன்று பக்கத்திலும் அந்த ஒரு வரிதான் எழும்பி நின்றது, மேற்கோள் குறி போட்டால் சொன்னவர் யார் என்று வரும், ஆகவே குறியை எடுத்துவிட்டேன், எடுத்ததும் அது ஒருவரும் சொல்லாத வரி, காற்றில் வந்த வரி. அந்த வரியின் அடியில்தான் பென்சில் நிற்கிறது. இது உங்கள் மற்ற வரிகளைப் போல இல்லை, என்கிறார் ஜூடித், இது மிக நல்ல வரி, ஏதாவது புத்தகத்தில் வாசித்தீர்களா, இல்லை, இணையத்தில், இல்லை, அப்படியென்றால் நீங்களே யோசித்து எழுதியதா, அதற்கு ஓம் என்றால் பொய், இல்லை என்றால் ஒரு பெயர் சொல்ல வேண்டும், நான் பேசாமல் இருக்கிறேன், பேசாமல் இருப்பது எனக்கு நன்றாக வரும், அகதி விசாரணையில் அந்த அதிகாரி, உங்களுக்கு இது எப்படித் தெரியும், யார் சொன்னார்கள் என்று கேட்டபோதும் இப்படித்தான் இருந்தேன், மொழிபெயர்க்க வந்தவர் மேசைக்குக் கீழால் என் காலில் தட்டினார், இங்கே தட்ட ஆள் இல்லை. வெள்ளிக்கிழமைவரை நேரம் தருகிறேன், என்றார் ஜூடித், எங்கிருந்து எடுத்தது என்று சொல்லாவிட்டால் பிறருடையதை எடுத்ததாகத் துறைக்கு எழுத வேண்டும், எனக்கு விருப்பமில்லை, விதி அப்படி, எனக்கு விருப்பமில்லை என்று சொல்லிக்கொண்டே செய்கிறவர்களையும் நான் கண்டிருக்கிறேன்.

அடுத்த நாள் பூஷணி அக்காவுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று பட்டது, அவர் வீணாகப் பயந்துவிடக் கூடாது, மற்றவர்கள் எழும்பிப் போகும்வரை இருந்துவிட்டு, அக்கா, நீங்கள் சொன்ன பாண் மணக் கதையாலை எனக்கு ஒரு கரைச்சல், ஆனா ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, உங்கடை பேர் என்ரை வாயிலை வராது, என்றேன், குரலைத் தணித்துத்தான் சொன்னேன், அவர் சோற்றுப் பெட்டியை மூடிக்கொண்டே, என்ன கதை என்றார், சம்பளத்திலை கழிக்கிறது எண்டு சொன்னனீங்களெல்லே, ஓ அதோ, அது பகிடிக்கெல்லோ சொன்னது, அதைப் போய் இங்கிலீசிலை எழுதினனீயோ, படிப்பிக்கிற மனிசி என்னவாம், நல்ல வரியாம் அக்கா, நல்ல வரியாமோ, என்று அவர் முகம் ஒருகணம் பள்ளிக்கூடப் பிள்ளையின் முகமாகப் போனது, பிறகு மெல்லச் சுருங்கியது, ஆரின்ரை எண்டு குடுத்தனீ, ஒருத்தரின்ரை எண்டும் சொல்லேல்லை, அப்ப உன்ரை எண்டுதானே மனிசி நினைக்கும். நல்லாயிருக்கடா தம்பி, என்ரை வாயிலை கிடந்ததைக் களவெடுத்தும் போட்டு, என்னைக் காப்பாத்தினனெண்டும் வந்து சொல்லுறாய். அப்படி இல்லை அக்கா, சுப்பவைசருக்குத் தெரிஞ்சால் வேலையெல்லோ போயிடும். அவனோ, அவன் தான் ஒட்டுற நோட்டீசையே வாசிக்கிறேல்லை, உன்ரை கட்டுரையை வாசிக்கப் போறானே, விசர்க்கதை கதையாதை. நான் எழும்பப் பார்த்தேன், அவர் என் கைச்சட்டையைப் பிடித்தார், அப்பால் பெல்ட் ஓடுகிற சத்தம், பிறகு வேறு குரலில் சொன்னார், எங்கடை அவரை ஆமி கொண்டுபோன நாளிலையிருந்து அவரின்ரை பேரை நான் எழுதிக் குடுக்காத வாசல் இல்லை, தமிழிலை குடுத்தன், சிங்களத்திலை எழுதுவிச்சுக் குடுத்தன், வாங்கி வாங்கி வைச்சாங்கள், நிமிர்ந்து அந்தப் பேரை ஒருக்கால் வாசிச்ச ஒருத்தனை நான் காணேல்லை, நீ பேர் எழுதப் பயப்பிடுறாய், எனக்கு எழுதின பேரை ஆரும் வாசிக்கேல்லை எண்டுதான் கவலை, போடு, அரைகுறையாப் போடாதை, முழுப்பேரும் போடு, குணநாயகம் நாகபூஷணி, பகிடி என்ரை, பேர் அவரின்ரையும்.

அன்றிரவும் அடுத்த இரவும் நான் அவரையும் சந்தேகித்தேன், அதையும் சொல்லத்தான் வேண்டும், இவ்வளவு துணிவாகப் பெயர் தருகிற மனிசிக்குப் பின்னால் யாராவது இருக்கலாம் என்று, யார் என்று எனக்கே தெரியாது, சந்தேகத்துக்குக் காரணம் தேவையில்லை, அது பழக்கம், செருப்பை வாசலில் கழற்றுகிற மாதிரி, வெள்ளிக்கிழமை பேருந்தில் அந்தப் பெயரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போகிறேன், சொல்லாமல் திரும்பி வரலாம், வந்தால் பெல்ட் இருக்கிறது, எதிர்ப்பக்கம் அக்கா நிற்பார், கேட்பார், போட்டனீயோ, அதற்கு என்ன சொல்வது, தெரியாது என்பதா, அம்மா சீப்பை இழுக்கிறார், பேருந்து நிற்கிறது. ஜூடித்தின் அறையில் அதே கதிரை, தாள் எனக்கும் அவருக்கும் நடுவில், பென்சில் முனை அதே வரியின் அடியில், இது யார் சொன்னது, அதே மெதுவான குரல், நாகபூஷணி, என்னோடு வேலை செய்கிற அக்கா, என்றேன், என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது, குடும்பப் பெயர் முன்னால் வர வேண்டும் என்று ஜூடித் பென்சிலை என் பக்கம் நீட்டினார், நான் எழுதினேன், குணநாயகம், ஒரு கமா, நாகபூஷணி, அவர் தாளைத் தன் பக்கம் திருப்பி உதட்டை அசைத்தார், குனா, என்று தொடங்கி நின்றார், சொல்லித் தாருங்கள் என்றார், குணநாயகம் என்றேன், குணா-நா என்று தடக்கினார், அப்படியே விட்டுவிடுவார் என்று பார்த்தேன், விடவில்லை, மறுபடி, என்றார், குணநாயகம், என்றேன் சத்தமாக, வெளியே நடைபாதையில் சப்பாத்துச் சத்தம் ஒன்று வந்தது, கதவடியில் வந்தது, கடந்து போனது, குணநாயகம், என்றார் ஜூடித், நிமிர்ந்து, என் முகத்தைப் பார்த்து, ஏறத்தாழச் சரியாக, அவருக்கு அது ஒரு குடும்பப் பெயர் மட்டும்தான், நான் ஒன்றும் விளங்கப்படுத்தவில்லை. பிறகு பென்சிலை வாங்கிக்கொண்டார், முனை அந்த வரியை விட்டு நகர்ந்தது, அடுத்த வரியின் அடியில் போய் நின்றது, மணத்துக்குக் கூலி கழிக்கிற இடத்தில் பாணைத் தின்னாமல் விடுவது அங்கே நிற்கிறவர்கள் காட்டும் ரோசம் என்று அதில் எழுதியிருக்கிறது, அதையும் நான் தலைகீழாகத்தான் பார்க்கிறேன், இது யார் சொன்னது, என்று அவர் கேட்கிறார், நான் கதவைப் பார்க்கிறேன், பூனைப் படத்தைப் பார்க்கிறேன், அவரைப் பார்க்கிறேன், இன்னும் நம்பவில்லை, நான் சொன்னது, என்கிறேன்.