ரேவல்சின்னி குடித்த வீடு

துளி டாக்டரின் வீட்டுக்கு மலச்சிக்கல் கண்டது மழைக்காலம் தொடங்கிய இரண்டாவது வாரத்தில். உள்ளே போன பொருள் எதுவும் அதன்பிறகு வெளியே வரவில்லை. குப்பைக் கூடையைத் தெருமுனையில் கவிழ்த்துவிட்டுத் திரும்பினால், வாசற்படி ஏறுமுன் அது நிரம்பி வழிந்தபடி சமையலறை மூலையில் உட்கார்ந்திருந்தது. நோயாளிகளின் குடைகள், செருப்புகள், ஒரு பல்செட், மின்சாரம் பழுதுபார்க்க வந்தவரின் ஏணி எல்லாம் அங்கேயே தங்கிப்போயின. ஆட்கள் வந்துபோக முடிந்தது; அவர்கள் கையில் இருந்தவைதான் வர மறுத்தன. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். டாக்டர் கொடுத்தனுப்பிய மருந்துக் குப்பிகள், நோயாளி தெருவைத் தாண்டுமுன் அலமாரிக்குத் திரும்பிப் பழைய வரிசையில் நின்றன. மூன்று தலைமுறையாக ஊருக்கு வயிறு பார்த்த வீட்டுக்கே வயிறு சரியில்லை என்பது எவ்வளவு பெரிய தலைக்குனிவு என்று விளக்க வேண்டியதில்லை.

அந்தக் குடும்பத்தின் பெயர் ஒரே ஒரு வேரால் வந்தது. புத்தகங்கள் ருபார்ப் என்றும் மருந்துக்கடைகள் ரேவல்சின்னி என்றும் சொல்லும் மஞ்சள் வேர். மென்றால் மணல்போல் நறநறக்கும், கசக்கும், நாக்கை இரண்டு நாள் மஞ்சளாக்கிவிடும். சிட்டிகை கொடுத்தால் போகிற வயிறு நிற்கும்; கரண்டி கொடுத்தால் நின்ற வயிறு போகும். தகப்பனார் இரண்டு அளவையும் கையாண்டார். அவருக்குப்பின் மூத்த மகன் ஹோமியோபதி படித்து, அந்த வேரின் சாற்றில் ஒரு துளியைத் தொண்ணூற்றொன்பது துளி நீரில் விட்டு, தடித்த புத்தகத்தின் அட்டைமேல் குப்பியைத் தட்டித் தட்டிக் குலுக்கி, அதில் ஒரு துளியை மறுபடி தொண்ணூற்றொன்பதில் விட்டு, இப்படி இருநூறு தடவை செய்து, வேரின் வாசனைகூட மிஞ்சாத மருந்தைத் தயாரித்தார். அதனால் துளி டாக்டர். இளையவர் எதிர்ச்சாரியில் கடை போட்டு வேரை உரலில் இடித்துப் பொட்டலம் கட்டினார். அதனால் பொடிக்காரர். ஒருநாள் தம்பி, அண்ணனின் குப்பியில் தண்ணீரைத் தவிர என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டார். அத்தோடு ஒன்பது வருஷம் பேச்சு நின்றது. தவிர்க்க முடியாத செய்திகளை இருவரும் நடுவில் நின்ற விளக்குக் கம்பத்திடம் சொன்னார்கள். கம்பம் யாருக்கும் பாரபட்சம் காட்டவில்லை.

டாக்டர் தம் வீட்டை முறைப்படி பரிசோதித்தார். சுவர்களில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். மாடிப்படிக்கு நாடி பார்த்தார். எத்தனை முறை கழுவினாலும் வீடு புளிப்பாக நாறியது. கதவுகள் கைக்குழந்தைபோல் சிணுங்கின. ஜன்னல்கள் ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. பதினோரு பக்கம் குறிப்பெழுதி, புத்தகத்தோடு ஒப்பிட்டு, குளிப்பாட்டினாலும் புளிப்பு நாற்றம் போகாமல் அழுதுகொண்டே இருக்கும் குழந்தைக்குரிய ரேவல்சின்னித் துளிதான் இதற்கும் மருந்து என்று முடிவுகட்டினார். மருந்தாளர் படிப்பு முடித்திருந்த மகளுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

“அப்பா, அது பேதியாகிற குழந்தைக்குக் குடுக்கிற துளி. போறதை நிறுத்தும். இங்கதான் ஒண்ணுமே போகலையே.”

“வயித்தை மட்டும் பார்க்கிறவன் பொடிக்காரன். நான் முழு ஆளையும் பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டு டாக்டர் வாசற்படியில் மூன்று துளி விட்டார்.

மருந்து ஐந்தே நிமிஷத்தில் வேலை செய்தது. மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச வழியும் அடைத்துக்கொண்டது. அதுமுதல் ஆட்களும் வெளியேற முடியவில்லை. முன்வாசலில் இறங்கியவர் கொல்லைப்புறக் கதவு வழியாக உள்ளே வந்து சேர்ந்தார். தபால்காரரும் இரண்டு நோயாளிகளும் மாட்டிக்கொண்டார்கள். மகளும் மாட்டிக்கொண்டாள். மறுநாள் மாலை ஐந்து மணி ரயிலில் அவள் புறப்பட வேண்டும். நூறு மைல் தள்ளி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், மூன்று தடவை பரீட்சை எழுதி வாங்கிய வேலை. அடுத்தநாள் காலை போய்ச் சேராவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். அவள் பெட்டியோடு ஏழு தடவை முன்வாசலில் இறங்கி ஏழு தடவை கொல்லை வழியாக வந்தாள். பிறகு பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் டாக்டருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை டாக்டர் மாடி முகப்பில் வந்து நின்றார். செய்தி பரவித் தெருவே கூடியிருந்தது. அவர் கம்பத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

“சில கடைகள்ல வேர்ப்பொடி இருக்கும்னு கேள்வி.”

“இருக்கும். கம்பத்துக்கு வயிறு சரியில்லேன்னா தாராளமா குடுக்கலாம்” என்றார் எதிர்க்கடையிலிருந்து தம்பி, அதே கம்பத்திடம்.

கடைக்குள்ளிருந்து தம்பியின் மனைவி தலையை நீட்டினாள். “அங்க நம்ம புள்ள பெட்டிமேல உக்காந்திருக்கு. நீங்க இங்க கம்பத்தோட குடித்தனம் நடத்துறீங்களா?”

அந்த வீட்டார் எவரிடமும் எதையும் கேட்டதில்லை, கொடுத்துத்தான் பழக்கம். டாக்டர் கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்தார். முதுகு வளையவில்லை, ஆனால் பார்வை கம்பத்தை விட்டு நகர்ந்து, ஒன்பது வருஷத்துக்குப்பின் தம்பியின் முகத்தில் போய் நின்றது.

“தம்பி, பொடி வேணும். புள்ள ரயிலுக்குப் போகணும்.”

தம்பியின் கையிலிருந்த உலக்கை தானாக உரலில் விழுந்தது. “எவ்வளவுண்ணே?”

அதைவிடக் கடினமான பதிலையும் டாக்டர் அத்தனை பேர் முன்னிலையில் சொன்னார். “எனக்கு அளவு தெரியாதுடா.”

வளர்ந்த ஆளுக்கு அரைக் கரண்டி என்றால், பதினோரு அறையும் பரணும் மாடிப்படியும் உள்ள வீட்டுக்கு இரண்டு மூட்டை என்று தம்பி கணக்குப் போட்டார். தெருவில் உரல் வைத்திருந்தவர்கள் எல்லாம் இடித்தார்கள். நண்பகலுக்குள் தெருவே மஞ்சளாகத் தும்மியது. உள்ளே போகிறவர் திரும்பி வருவது நிச்சயமில்லை என்பதால் மூட்டைகளைத் தம்பியே தோளில் ஏற்றினார்.

“பொடி வேலை செய்யலேன்னா?” என்று மனைவி கேட்டாள்.

“அண்ணனோட இருந்துக்கிறேன். ஒன்பது வருஷப் பேச்சு கிடக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் பொடியைக் கரைத்து, வீட்டிலிருந்த எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டார்கள்.

மூன்றரை மணிக்கு வீடு லேசாகக் குலுங்கியது. முதலில் கரண்டிகள் வந்தன. பிறகு குடைகள், செருப்புகள், பல்செட், ஏணி, திரும்பிவந்திருந்த குப்பிகள் அத்தனையும் மஞ்சள் வெள்ளத்தில் வாசல் தாண்டின. நாலு வருஷத்துக்குமுன் காணாமல்போன அடுத்த வீட்டுப் பூனை ஆறு குட்டிகளோடு வந்தது. யாருக்கும் சொந்தமில்லாத ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டே வந்தது. தபால்காரர் நின்ற நிலையில் வந்து, வருகிற வழியிலேயே மூன்று வீட்டுக்குக் கடிதம் கொடுத்தார். நோயாளிகள் இருவரும் அவர் பின்னாலேயே வந்தார்கள். மகள் பெட்டிமேல் உட்கார்ந்தபடியே படியிறங்கி, சித்திக்குக் கையசைத்து, கடைத்தெருவில் வலப்பக்கம் திரும்பி, நாலே முக்காலுக்கு ரயில் நிலையத்தின் முதல் நடைமேடையில் போய் நின்றாள். அவள் புடவை ஓரம் மட்டும் மஞ்சளாகியிருந்தது. மறுநாள் காலை வேலையில் சேர்ந்துவிட்டதாகத் தந்தி வந்தது.

தந்தி வந்தபோதும் வீட்டின் வெள்ளம் நிற்கவில்லை. நாற்காலிகள், கட்டில்கள், ஜன்னல் கம்பிகள் போய், கடைசியாக டாக்டரே போனார். சாய்ந்து விழாமல், இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, கௌரவமாகத்தான் போனார். வெள்ளம் அவரைத் தெருவைக் கடத்தித் தம்பியின் கடையில், கல்லாவுக்குப் பின்னாலிருந்த முக்காலிமேல் உட்கார்த்தியது. உள்ளே தம்பி ஒருவர் மட்டும், எந்த வெள்ளமும் தொடாமல், வெறும் கூடத்தின் நடுவில் நின்றார்.

“அண்ணே, மாடிப்படி ஆடுது. நிறுத்தணுமே” என்று அவர் குரல் கொடுத்தார்.

தெருவில் உருண்டுகிடந்த குப்பிகளிலிருந்து டாக்டர் அந்த ரேவல்சின்னித் துளியைத் தேடி எடுத்தார். இப்போது வீட்டுக்குப் பேதி. இப்போது அதுவே மருந்து. வாசற்படியில் ஒரே ஒரு துளி விட்டார். மாடிப்படி நின்றது. கதவுகள் மெதுவாகச் சாத்திக்கொண்டன. குப்பியில் என்ன இருக்கிறது என்று தம்பி அதன்பிறகு கேட்கவில்லை.

வீட்டைக் கழுவியபின் டாக்டரின் நாற்காலியை மூன்று தடவை உள்ளே கொண்டுபோய்ப் போட்டார்கள். மூன்று தடவையும் காலையில் அது தெருவில் கிடந்தது. தம்பியின் சாமான்களோ வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. ஆகவே தம்பி குடும்பம் வீட்டிலும் டாக்டர் கடையிலும் இருப்பது என்று ஏற்பாடாயிற்று. துளி வேண்டியவர்கள் கடைக்கும் பொடி வேண்டியவர்கள் வீட்டுக்கும் போகிறார்கள். மழைக்காலத் தொடக்கத்தில் டாக்டர் அளவைக் கேட்க, தம்பி சொல்ல, வீட்டுக்கு வருஷத்துக்கொரு முறை டாக்டரே மருந்து கொடுக்கிறார். அன்று தெருவில் யாரும் துணி காயப்போடுவதில்லை. வீடு அவரைத் துப்பிவிட்டது என்று பேசுகிறவர்கள் உண்டு. விஷயம் தெரியாதவர்கள். வைத்தியம் பார்க்கிறவர் நோயாளிக்குள் குடியிருப்பது முறையல்ல.