ஆறு மாதப் பத்தியம்

குளிசையை எதோடு சாப்பிடுகிறீர்கள் என்று டொக்டர் கேட்டபோது, பிரதாபன் கொஞ்சம் பெருமையாகத்தான் பதில் சொன்னான். ஆறு மாதமாக ஒரு சொட்டு எண்ணெய் வாயில் படவில்லை, தன் அக்கா கமலாசனி அவ்வளவு இறுக்கமாகப் பத்தியம் காக்கிறா என்றான்.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

"ஆர் உங்களை எண்ணெயை நிப்பாட்டச் சொன்னது?"

அப்படி ஒருவரும் சொன்னதில்லை. இதையெல்லாம் யாராவது சொல்லித்தான் தெரியவேண்டுமா? ஈரலில் வருத்தம் என்றால் எண்ணெய், தேங்காய்ப்பால், முட்டை, பொரியல் எல்லாவற்றையும் நிறுத்துவது அவன் ஊரான கண்டாவளையில் குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும். செங்கமாரி பிடித்து மஞ்சளாகிப்போன எத்தனையோ பேரைக் கமலாசனி அக்கா அப்படித்தான் எழுப்பி நடக்க வைத்திருக்கிறாள்.

ஆனால் இவனுக்கு வந்தது செங்கமாரி இல்லை. நரியின் குடலில் குடியிருக்கும் ஒரு நாடாப்புழு. சுவிஸ் மலைப்பக்கத்துத் தோட்டமொன்றில் எட்டு வருடம் கீரை பிடுங்கித் திரிந்த காலத்தில் அதன் முட்டை எப்படியோ வாய்க்குள் போயிருக்கிறது. அகதி விண்ணப்பத்தை நிராகரித்துத் திருப்பி அனுப்பியபோது, சொக்கிலேட்டோடு சேர்த்து அதையும் ஈரலில் சுமந்துகொண்டு வந்து இறங்கினான். பத்து வருடம் அது சத்தமில்லாமல் வளர்ந்தது.

முதல் படத்தில் சுண்ணாம்பு படிந்த கட்டியைப் பார்த்துவிட்டு, போரில் பாய்ந்த பழைய செல் குண்டுத் துண்டு என்றார்கள். வன்னியில் யாரைப் படம் எடுத்தாலும் உடம்பில் ஒன்று இருக்கத்தானே செய்யும். கடைசிச் சண்டையின்போது தான் இங்கே இருக்கவில்லை என்று சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு புற்றுநோய் என்றார்கள். கொழும்பில் ஊசியால் குத்திச் சதை எடுத்து, இரத்தத்தை வெளிநாட்டுக்கும் அனுப்பிப் பார்த்த பிறகுதான் புழு என்பது தெரிந்தது. புற்று இல்லை, ஆனால் புற்றைப் போலவே வேர்விடும். ஆறு மாதம் குளிசையால் அடக்கி வைத்தால் வெட்டி எடுக்கலாம், பெரிய இரத்தக்குழாயைத் தொட்டுவிட்டால் கத்தி வைக்க முடியாது என்று சொல்லியிருந்தார்கள்.

மருந்து உறையில் 'சாப்பாட்டுடன்' என்று மட்டும்தான் எழுதியிருந்தது. அக்கா உறையைப் பார்த்தாள், அரிசிக் கஞ்சி காய்ச்சினாள்.

"கொழுப்புச் சாப்பாட்டோட போட்டாத்தான் இந்த மருந்து இரத்தத்தில சேரும். வெறுங் கஞ்சியோட போட்டா அஞ்சில ஒரு பங்குகூடச் சேராது. நாங்கள் தெளிவாச் சொல்லியிருக்கவேணும், பிழை எங்களிலயும் இருக்கு" என்றார் டொக்டர். புதுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கட்டி குழாயைத் தொட்டிருந்தது. "இனி வெட்டேலாது. இந்தக் குளிசைதான், சீவிய காலத்துக்கும்."

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. ஒழுங்காகப் போட்டிருந்தால் கட்டி நின்றிருக்குமா என்று கேட்டதற்கு, நின்றிருக்கலாம் என்றுதான் டொக்டர் சொன்னார். அந்த ஒரு சொல் ஏ-ஒன்பது வீதி முழுக்க அவனைத் தின்றது. கனகராயன்குளத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். எண்ணெய் வடிய இரண்டு வடையை வாங்கித் தின்று குளிசையை விழுங்கினான். ஆறு மாதம் பிந்திய வடை. கோபம் வந்தது. யாரில் கோபிப்பது? சண்டையின் கடைசி மாதங்களில் புருசனையும் மகளையும் கண்ணுக்கு முன்னால் பறிகொடுத்தவள் அக்கா. ஒருத்தரைக்கூடக் காப்பாற்றவில்லையே என்று அன்று தொடங்கிய புலம்பலை இன்னும் விடவில்லை. அவளிடம் போய், என்னையும் நீதான் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் எண்ணெய் கேட்பதுதான் எப்படி?

அக்கா வீட்டுப் படலையடியில் காத்து நின்றாள்.

"என்னவாம் தம்பி?"

"பத்தியம் முடிஞ்சுதாம் அக்கா."

எண்ணெய்க்காகச் சொன்ன பொய். பத்தியம் முடிந்தது என்றால் வருத்தம் முடிந்தது என்றுதான் ஊரில் அர்த்தம் என்பது, அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அவள் அந்த இடத்திலேயே நிலத்தில் குந்தியிருந்து அழுதாள். அவன் அதைத் திருத்தாமல் அவளைக் கைபிடித்து எழுப்பினான்.

பிறகு அக்காவைப் பிடிக்க முடியவில்லை. குசினியில் தேங்காய் துருவினாள், மீன் பொரித்தாள், முட்டையும் பொரித்தாள். அவனுக்குப் போட்டுவிட்டுத் தனக்கும் ஒரு சோற்றுக் கோப்பையில் போட்டுக்கொண்டாள். பொரியல் மணத்துக்கு அவள் கண்ணை மூடியதைப் பார்த்துத்தான் அவனுக்கு விளங்கியது, இந்த ஆறு மாதமும் அவளும் கஞ்சிதான் குடித்திருக்கிறாள்.

சாப்பிட்டு முடித்துக் குளிசையை எடுத்தான். இன்னும் எதற்கு இது என்று அவள் கேட்டாள். கொஞ்ச நாளைக்கு, எண்ணெய்ச் சாப்பாட்டோடு போடச் சொல்லி டொக்டர் சொன்னவர் என்றான்.

"மருந்து கிடக்கட்டும். பத்தியத்தாலதான் நீ தப்பினனீ. அவையளைத்தான் என்னால காப்பாத்த ஏலாமப் போச்சு. உன்னையாவது காப்பாத்திப்போட்டன்."

"ஓம் அக்கா" என்றான் பிரதாபன்.

அவள் இன்னொரு மீன் துண்டை அவன் கோப்பையில் வைத்தாள். வேண்டாம் என்று சொல்லாமல் தின்றான். இனி இந்த வீட்டில் அவனால் நோயாளியாக இருக்கவும் முடியாது, அக்காவுக்கு முந்திச் சாகவும் முடியாது.