மீனம்பாளுக்கு எந்த மெஷின்?

1

இந்தக் கதை பிறந்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செஞ்சியில் ஒரு நர்சிங் ஹோம், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கிடக்கும் இரும்பு பெஞ்ச். உள்ளே என் மனைவி உண்ணாமலை. வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு கர்ப்பப்பையை எடுக்கிறார்கள். வெளியே நான், வாரப் பத்திரிகைக்குத் தர வேண்டிய தொடர்கதையோடு.

தொடக்கம் ஒன்று: மீனம்பாள் கண்ணை மூடியபோது...

வேண்டாம். (மூடிய கண் பற்றி இன்றைக்கு எழுத மாட்டேன்.)

தொடக்கம் இரண்டு: டாக்டர் கையில் கருவி பளபளத்தது...

பளபளக்காது. உண்ணாமலைக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டர் ரூபினா நேற்றே காட்டினார். நீளமான குச்சி, நுனியில் கொக்கின் அலகு போல ஒரு பிடி. அவ்வளவுதான்.

2

இதில் இரண்டு வகை. முதலாவதில் அலகு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அதிரும். அந்தச் சூட்டில் ரத்தக்குழாய் ஒட்டிக்கொள்ளும், அதே வீச்சில் அறுந்தும்விடும். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் நிறுத்திய பிறகும் நுனி கொதிக்கும். குடலில் பட்டால் சுட்டுவிடும். இரண்டாவது, குழாயைக் கவ்விப் பிடித்து, கரண்ட் பாய்ச்சி ஒட்டவைக்கும். ஒட்டியதும் மெஷின் ஒரு சத்தம் கொடுக்கும். அதற்குப் பிறகுதான் வெட்டு.

எது உசத்தி என்று கேட்டேன்.

"ரெண்டுமே நல்லதுதான் சார். உங்க வீட்டம்மாவுக்குக் கட்டி பெருசு, குழாயெல்லாம் தடிச்சிருக்குது. நான் ரெண்டாவதத்தான் எடுப்பேன்."

3

என் கதையில் மீனம்பாளுக்கும் தடித்த குழாய்தான். ஆனால் அவளுக்கு முதலாவதைக் கொடுத்திருந்தேன். தொடர் எழுதுகிறவனுக்கு வேகம் வேண்டும். ரத்தம் பீறிடும் இடத்தில் அத்தியாயத்தை நிறுத்தினால், அடுத்த வாரமும் பத்திரிகை வாங்குவார்கள். என் தொழிலே அதுதான், ஒட்டுவதற்கு முன்பே வெட்டுவது.

காலையில், பச்சை அங்கியோடு கட்டிலில் உட்கார்ந்து உண்ணாமலை அதைப் படித்தாள். எதையும் முதலில் படிப்பவள் அவள்தான்.

"உங்க கதையில ஆபரேஷனுக்குப் போனவ எவ திரும்பி வந்திருக்கா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எனக்குப் போடற மெஷினையே இவளுக்கும் போடுங்க. வெளிய வந்து படிப்பேன்."

4

மாற்றிவிட்டேன். குழாய் ஒட்டியதும் மெஷின் கொடுக்கும் அந்தச் சத்தம் கதவிடுக்கு வழியாக மெலிதாக வருகிறது. அது கேட்கும்போதெல்லாம் மீனம்பாளுக்கும் ஒரு குழாயை அடைத்து, ஒரு வரி நகர்கிறேன்.

கரண்ட் போய்விட்டது.

தியேட்டருக்கு பேட்டரி உண்டு, மெஷின் நிற்காது என்றார் நர்ஸ் ஜெயஸ்ரீ. ஆனால் ஜன்னலுக்குக் கீழே ஜெனரேட்டர் உறுமத் தொடங்கிவிட்டது. மெஷின் சத்தம் வருகிறதா, இல்லையா, தெரியவில்லை. ஜெயஸ்ரீ உள்ளே ஓடினார். (இல்லை, நடந்தார். ஓடவைத்தது என் பேனா.)

5

முடிவு ஒன்று: ரூபினா முகக்கவசத்தைக் கழற்றிச் சிரிக்கிறார்.

முடிவு இரண்டு: ரூபினா முகக்கவசத்தை...

அடித்துவிட்டேன். இரண்டையும்.

வழக்கப்படி நான் வெட்ட வேண்டிய இடம் இது. மாட்டேன். மீனம்பாளின் கடைசிக் குழாயைக் கருவி கவ்வியிருக்கிறது, கவ்வியபடியே இருக்கட்டும். உங்கள் காது என்னுடையதைவிடக் கூர்மையாக இருக்கலாம். ஜெனரேட்டரைத் தாண்டி அந்தச் சத்தம் கேட்டால் எனக்குச் சொல்லுங்கள், அதுவரை இந்த வரிக்கு நான் புள்ளி வைக்கப்போவதில்லை