பெயரும் முகவரியும் கட்டாயம்

எங்கள் குடியிருப்பின் செக்ரட்டரிக்கு மனிதர்களின் பெயர் நினைவில் நிற்காது. நிற்காது என்பதைவிட, அவர் அதற்கு இடம் கொடுப்பதில்லை. கதவு எண்தான் அவருக்கு ஆள். நான் மூணு ஏ. எனக்கு எதிர்வீட்டில் இருக்கும் அவர் மூணு பி. மாடிப்படியில் பார்த்தால், "என்ன மூணு ஏ, உங்க செருப்பு கோணலா நிக்குது" என்பார். என் செருப்பை விசாரிக்கும் அளவுக்கு என்னை ஒருநாளும் விசாரித்ததில்லை.

லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நோட்டீஸ் போர்டில்தான் அவருடைய இலக்கியப் பணி. போர்டுக்குக் கண்ணாடி உண்டு, கண்ணாடிக்குப் பூட்டு உண்டு, சாவி அவர் பையில் உண்டு. 'லிஃப்டுக்குள் சத்தமாகச் சிரிப்பதைத் தவிர்க்கவும். சிரிப்பு மற்ற மாடிகளுக்கும் கேட்கிறது.' 'மொட்டைமாடியில் துணிகள் ஒரே உயரத்தில் தொங்க வேண்டும்.' வாரம் ஒன்று தவறாமல் வரும். அடியில் கையெழுத்து, கையெழுத்து போதாதென்று முத்திரை.

இந்த நோட்டீஸ்களை யாரோ வீடியோவாக்கிக்கொண்டிருந்தார்கள். சேனலின் பெயரும் 'நோட்டீஸ் போர்டு'. அட்டைப்பெட்டியில் வெட்டிச் செய்த நாலு மாடிக் கட்டடம், தீப்பெட்டியில் ஒரு லிஃப்ட், சாக்ஸில் தைத்த ஒரு பொம்மை. பொம்மைக்குப் பித்தான் கண், காகிதத்தில் மூக்குக்கண்ணாடி. அது மூக்கால் பேசி, நோட்டீஸை எழுத்துப் பிசகாமல் படிக்கும். படித்துவிட்டுப் பொழிப்புரையும் சொல்லும். "சிரிப்பு வந்தா அடக்கிக்கங்க, வீட்டுக்குப் போயி கதவைச் சாத்திட்டு சிரிங்க. ரசீது தேவையில்லை." மூன்று வருடத்தில் இருநூறு வீடியோக்களுக்கு மேல் வந்துவிட்டன. எங்கெங்கோ இருக்கிற ஜனங்கள் தங்கள் குடியிருப்பு நோட்டீஸ்களைப் படம் எடுத்து அனுப்பினார்கள். பார்த்தால் உலகம் முழுக்க ஒரே செக்ரட்டரிதான் கட்டடம் கட்டடமாகப் போய் எழுதிவிட்டு வருகிறார் போலிருந்தது.

வீடியோ போடுவது யார் என்று மட்டும் தெரியவில்லை. இந்தக் கட்டடத்தில் எனக்குத் தெரியாமல் ஒரு விஷயம் நடக்கிறது என்பதே எனக்குச் சோறு இறங்காத அளவுக்கு அவமானமாக இருந்தது.

ஒருநாள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டபோது பார்த்தேன். செக்ரட்டரியின் சாக்ஸ்கள் ஒற்றை ஒற்றையாகத் தொங்கின. சாம்பலில் ஒன்று, நீலத்தில் ஒன்று, பழுப்பில் மஞ்சள் கோடு போட்டது ஒன்று. அன்று மதியம் வந்த வீடியோவில், பழுப்பில் மஞ்சள் கோடு போட்ட முகத்தோடு பொம்மை பேசிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோல் இரவல் கேட்கும் சாக்கில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

திறந்தது செக்ரட்டரியின் மனைவி. கட்டடத்துக்கே அவள் 'செக்ரட்டரி வீட்டம்மா'. அவள் வாய்விட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. விரல் நுனியில் பசை, தலைமுடியில் பஞ்சு.

"கத்தரிக்கோல் இப்ப வேலையா இருக்குக்கா" என்றாள்.

"யாருக்கு மூக்கு வெட்டறே?" என்றேன்.

தன் விரல் பசையைப் பார்த்தாள். பிறகு வழிவிட்டாள். "செருப்பை உள்ளயே கழட்டுங்க. வெளிய விட்டா அதுக்கொரு நோட்டீஸ் வரும்."

காலை ஒன்பதுக்கு அவர் ஆபீஸ் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவார். அதுவரை சாமான் போட்டுவைக்கும் அறைதான் அவளுடைய ஸ்டூடியோ. பழைய சூட்கேஸ்களுக்கு நடுவில் அட்டைக் கட்டடம் நின்றது. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். நானும் சொல்லவில்லை. என் ஆயுளில் நான் கட்டிக்காத்த ஒரே ரகசியம் அது. அதனால் எனக்கு நெஞ்செரிச்சல்கூட வந்தது.

சேனல் கடைசியில் செக்ரட்டரி கண்ணிலும் பட்டது. அவருடைய ஆபீஸில் நாலு பேர் ஒரு போனைச் சுற்றி நின்று சிரிக்க, என்னவென்று எட்டிப் பார்த்திருக்கிறார். தன்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்பதில் அவருக்கு அவ்வளவு வருத்தமில்லை. தன் நோட்டீஸைக் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள் என்பதில்தான் கொதித்துப்போனார். காப்புரிமைச் சட்டத்தில் புதிதாக ஒரு விதி வந்திருப்பதை யாரோ காதில் போட்டிருந்தார்கள்: புகார் வந்தால் வீடியோ தளம் முதலில் வீடியோவை எடுத்துவிட வேண்டும், நியாயத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம். உட்கார்ந்து மூன்று வீடியோக்கள்மேல் மூன்று புகார் எழுதினார். 'படைப்பின் வகை' என்ற இடத்தில் 'இலக்கியம்' என்று நிரப்பினாராம்.

நாலே நிமிடத்தில் மூன்றும் காணாமல் போயின. அதை இலக்கியம் என்று ஒத்துக்கொள்ள மனிதர்களுக்கு அதைவிட நேரமாகியிருக்கும், பார்த்தது இயந்திரம். தளத்தை நடத்துகிறவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. எடுக்காமல் விட்டால் அபராதம் அவர்களுக்கு, தவறாக எடுத்தால் நஷ்டம் வேறு யாருக்கோ. எது சௌகரியம் என்று சொல்ல வக்கீல் படிப்பு வேண்டியதில்லை.

மறுநாள் அவள் என் சமையலறை மேஜையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று புகார் சேர்ந்தால் சேனலையே ஏழு நாளில் மூடிவிடுவார்கள். இருநூறு வீடியோவும் போகும். தடுக்க ஒரே வழி, மறுப்புப் படிவம். அதில் உண்மையான பெயரும் வீட்டு முகவரியும் கட்டாயம். படிவம் அப்படியே புகார் கொடுத்தவருக்குப் போகும்.

"என் பேரு அவருக்குத் தெரிஞ்சாகணுமாம்" என்றாள்.

"கட்டின பொண்டாட்டி பேரு தெரியாதா அவருக்கு?"

"நீங்க வேறக்கா. போன மாசம் ஒரு ஃபாரம் நிரப்பறப்ப என்கிட்டதான் கேட்டாரு." போனை என் பக்கம் தள்ளினாள்: "உங்க பேரைப் போட்டுக்கட்டுமா? அவருக்கும் உங்க மேலதான் சந்தேகம்."

அந்தச் சந்தேகம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, படிவத்தின் கடைசி வரியைப் படிக்கும்வரை. பொய்த் தகவல் தந்தால் தண்டனை என்று போட்டிருந்தது.

"அதுக்கில்லம்மா, எனக்கு பிரஷர் இருக்கு" என்றேன்.

"பில்டிங்ல ஒருத்தர் பேரு விடாம வம்புக்கு இழுக்கறீங்க. உங்க பேரை ஒரு தடவை குடுக்க மாட்டீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளாமல், "விட்டுத் தொலையேன். சாக்ஸ் பொம்மைதானே" என்றேன்.

அவள் தண்ணீர் குடித்தாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "அந்த ரூம்ல மட்டும்தான்க்கா நான் பேசறேன்."

பிறகு தன் பெயரை இனிஷியலோடு முழுசாக அடித்தாள். முகவரியையும் அடித்தாள். என்னைப் பார்க்காமலே அனுப்பியும்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி நிறுத்துமிடத்தில் மாதாந்தரக் கூட்டம். இருபது பிளாஸ்டிக் நாற்காலி, பன்னிரண்டு பேர். செக்ரட்டரி கையில் ஒரு தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

"எதிரி மறுப்பு அனுப்பியிருக்கான். வீட்டு நம்பர் குடுத்தாகணும்னு சட்டம். எந்த நம்பர் குடுத்திருக்கான் தெரியுமா? மூணு பி. என் நம்பர். திருடன் யாருன்னு கேட்டா என் அட்ரஸையே எனக்கு அனுப்பறாங்க. இதுக்கு ஒரு கம்பெனி, அதுக்கு ஒரு கம்ப்யூட்டர்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் என் வளையலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒண்ணு சி-யில் இருக்கிற வக்கீல் கேட்டார்: "நம்பர் கிடக்கட்டும் சார். பேரு என்ன போட்டிருக்கு?"

"நம்பரே தப்பு. பேரு எதுக்கு?"

"ஒரு தடவை படிங்களேன்."

மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நோட்டீஸ் படிக்கும் அதே குரலில் ஆரம்பித்தார். இனிஷியல் கம்பீரமாக வந்தது. பெயரின் பாதிவரை வேகம் குறையவில்லை. மீதிப் பாதி தொண்டைக்குள்ளேயே இறங்கிவிட்டது. அந்தப் பெயரை அவர் கடைசியாகச் சத்தம் போட்டுப் படித்தது கல்யாணப் பத்திரிகையில் பிழை பார்த்தபோதாக இருக்கும்.

வக்கீலுக்குப் புரியவில்லை. உறுப்பினர் பட்டியலைப் புரட்டினார். செக்ரட்டரியே தயாரித்த பட்டியல். மூணு பி-க்கு நேரே அவர் பெயர், பக்கத்தில் 'மற்றும் மனைவி'. "இந்தப் பேர்ல நம்ம பில்டிங்ல யாரும் இல்லையே" என்றார்.

"இருக்கேன்" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல், வகுப்பில் ஆஜர் சொல்வதுபோல. "மூணு பி-லதான் இருக்கேன். பத்தொம்பது வருஷமா."

செக்ரட்டரி தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அப்ப என் சாக்ஸ்?" என்றார்.

"எல்லாம் நடிச்சிட்டிருக்கு" என்றாள்.

வக்கீல் தொண்டையைச் செருமினார். ஃபீஸ் இல்லாமல் ஆலோசனை சொல்வது அவருக்கு அதுதான் முதல்தடவை. "பத்து வேலை நாளுக்குள்ள நீங்க கோர்ட்டுக்குப் போகணும் சார். போகலைன்னா வீடியோ தானா திரும்பி வந்துரும். போனீங்கன்னா சம்மன் மூணு பி-க்குத்தான் வரும். நீங்களே வாங்கி உள்ள குடுத்துரலாம், ஒரு அலைச்சல் மிச்சம்."

"அடுத்த விஷயம்," என்றார் செக்ரட்டரி, "தண்ணி டேங்க்."

அந்தப் பத்து நாளும் என் வீட்டுக் கதவுக்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தேன், திறந்தால் சத்தம் வரக்கூடாதென்று. ஏழு நாள் வீணாகப் போனது. எதிரே பாத்திரச் சத்தம்தான். எட்டாம் நாள் சாயங்காலம் அவர் குரல் கேட்டது.

"நான் அவ்வளவு மூக்காலயா பேசறேன்?"

"இல்லைங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "உங்களுது இன்னும் ஜாஸ்தி."

கதவு உடைபடும் என்று காத்திருந்தேன். அவர் சாப்பிட உட்கார்ந்த சத்தம்தான் கேட்டது.

கெடு முடிந்ததும் மூன்று வீடியோக்களும் திரும்பி வந்தன. அவர் வழக்குப் போடவில்லை. புகாரைத் திரும்பப் பெறவும் இல்லை. அதற்கும் ஒரு படிவம் உண்டு, அதில் காரணம் எழுத வேண்டும். மொட்டைமாடியில் சாக்ஸ்கள் ஒற்றையாகவே தொங்குகின்றன. அதைப் பற்றி நோட்டீஸ் எதுவும் வரவில்லை.

போன வாரம் ஒரு புது வீடியோ. புதுப் பொம்மையும். கழுத்து நீண்ட ரோஸ் நிறச் சாக்ஸ். தலையைவிடப் பெரிய காது. அந்தக் காது எதிர்வீட்டு அட்டைக் கதவில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. "கத்தரிக்கோல் இருக்கா?" என்று கேட்கிறது. "பேரை மட்டும் கேக்காதீங்க, எனக்கு பிரஷர்" என்கிறது. எங்கள் லிஃப்டுக்குள் போனில் அதைப் பார்த்து ஜனங்கள் சத்தமாகவே சிரித்தார்கள். செக்ரட்டரியும் இருந்தார், அவர் கண்டுகொள்ளவில்லை.

அந்த ரோஸ் சாக்ஸை எனக்குத் தெரியும். என் கொடியிலிருந்து காணாமல் போனதுதான்.

நேராக உள்ளே வந்து புகார்ப் படிவத்தைத் திறந்தேன். படைப்பின் வகை: சாக்ஸ். உங்களுக்கு என்ன உரிமை: நான் போட்டுத் தேய்த்தது. அடுத்த கட்டத்தில் பெயரும் முகவரியும் கட்டாயம் என்றது. எதிர்த்தரப்புக்கு அனுப்பப்படும் என்றது. எதிர்த்தரப்பு எட்டடி தூரத்தில் பசை காயவைத்துக்கொண்டிருக்கிறது. இருந்தும் கை எழவில்லை.

படிவத்தை மூடிவிட்டு வீடியோவை இன்னொரு தடவை பார்த்தேன். கழுத்து எனக்கு அவ்வளவு நீளமில்லை. காது மட்டும் அச்சு அசல்.