நாகமணி வரைந்த குளியல்கூடம்

நாகமணி கட்டடக்கலை படித்தவள். கல்யாணத்துக்கு முன் கோயம்புத்தூரில் ஓர் அலுவலகத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தாள். அவள் வரைந்த வீடுகள் இரண்டும், ஒரு கல்யாண மண்டபத்தின் பந்திக்கூடமும் இன்றும் அங்கே நிற்கின்றன. 1996-ல் கணவன் வெங்கடாசலத்தோடு அமெரிக்காவில் சன்னிவேலுக்கு வந்ததும் அந்தத் தொழில் நின்றுபோயிற்று. அவனுக்கு ஹெச்-ஒன் விசா, சிப் டிசைன் செய்யும் கம்பெனியில் வேலை. அவளுக்கு, மனைவி என்பதால் கிடைக்கும் ஹெச்-ஃபோர். அதில் படிக்கலாம், வேலை பார்க்கக் கூடாது.

முதல் வருடம் சமைத்தாள், டிரைவிங் கற்றுக்கொண்டாள், ஊருக்குப் போன் பேசும்போது அழாமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். அந்த நாட்களில்தான் எல் கமீனோ ரியல் சாலையில் ஒரு தோசைக் கடையில் கலாவதி அறிமுகமானாள். மயிலாப்பூர்க்காரி, நாகமணியைவிட ஐந்தாறு வயது மூத்தவள், பிளசன்டனில் சொந்த வீடு. பள்ளிக்கூடங்களுக்கு சிடி தயாரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் ப்ராஜெக்ட் மேனேஜர். பழகிய ஒரே மாதத்தில் நாகமணி அவளை வாய் நிறைய அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

கலாவதியின் கம்பெனி அப்போது எடுத்திருந்த வேலை ஒரு பழைய ரோமானியக் குளியல்கூடம். குழந்தைகள் மவுஸைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக அதற்குள் நடந்து போக வேண்டும். படம் வரைபவர்கள் இருந்தார்கள். கட்டடம் எப்படி வேலை செய்தது என்று சொல்லத்தான் ஆளில்லை. ஒரு சனிக்கிழமை கலாவதி நாலைந்து புத்தகங்களோடு வந்து, நீ ஆர்கிடெக்ட்தானே, சும்மா ஒரு தடவை பார்த்துச் சொல்லேன் என்றாள்.

நாகமணி சும்மா பார்க்கவில்லை. சன்னிவேல் நூலகத்தில் கிடைத்த மற்ற புத்தகங்களையும் தேடி எடுத்து வந்தாள். சாப்பாட்டு மேசை வரைபலகையாயிற்று. அந்த ரோமானிய ஊர்க்காரன் காலையில் வேலையை முடித்துவிட்டு, வெயில் சாயத் தொடங்கும் நேரத்தில் குளிக்க வருவான். அதனால்தான் வெந்நீர் அறைகளின் ஜன்னல்களைத் தென்மேற்கு பார்த்து வைத்திருக்கிறார்கள் என்று கண்டபோது அவளுக்கு அந்தக் கட்டடத்தைக் கட்டியவனோடு பேசிவிட்டதுபோல இருந்தது. வருகிறவன் முதல் அறையில் உடையைக் கழற்றிச் சுவர் மாடத்தில் வைப்பான். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு முற்றத்தில் பந்து விளையாடுவான். பிறகு வெதுவெதுப்பான அறை, அதற்கடுத்து வியர்த்துக் கொட்டும் வெந்நீர் அறை. எண்ணெயையும் அழுக்கையும் வளைந்த தகடு ஒன்றால் வழித்தெடுப்பார்கள். அரப்புத் தூள் இல்லாமல் எண்ணெய்க் குளியலா என்று அவள் தனியாகச் சிரித்துக்கொண்டாள். கடைசியில் குளிர்ந்த தொட்டியில் ஒரு முங்கு. பிறகு நண்பர்களோடு தின்பண்டம், அரட்டை, ஊர்ப் பேச்சு.

வெந்நீர் அறையின் தரை செங்கல் தூண்கள் மேல் நின்றது. அடுப்பின் அனல் தரைக்கடியில் புகுந்து, சுவருக்குள் பதித்த குழாய் ஓடுகள் வழியாக மேலே ஏறும். வெறுங்காலில் நடந்தால் பொசுக்கிவிடும் என்பதால் மரச்செருப்பு போட்டு நடந்தார்கள். அந்த அடுப்புக்கு விறகு தள்ளிய அடிமைகள் புகையில் நின்ற இடத்தையும் நாகமணி வரைந்தாள். குழந்தைகளுக்கு அது எதற்கு என்று கம்பெனியில் கேட்டார்களாம். அது இல்லாமல் மேலே ஒருத்தனும் குளிக்க முடியாது, அதை எடுத்தால் நான் வரைந்த மற்றதையும் எடுத்துவிடுங்கள் என்று அவள் சொல்லியனுப்பினாள். அது அப்படியே இருந்தது.

ஒரு படம் மட்டும் அவளுக்குப் பிடிபடாமல் இருந்தது. வெந்நீர் அறையின் வளைந்த கூரைப் பூச்சில் விலா எலும்புபோல வரிவரியாகப் பள்ளங்கள். அழகுக்கு என்றால் மற்ற அறைகளில் ஏன் இல்லை? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கலாவதி வந்திருந்தபோது நாகமணி இட்லி ஊற்றியிருந்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த குவிந்த மூடி நசுங்கிப்போனதால், கடையில் வாங்கிய தட்டையான மூடி. திறந்தபோது மூடியில் சேர்ந்திருந்த நீர் சொட்டி மேல்தட்டு இட்லியெல்லாம் நமுத்திருந்தது. நாகமணி மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

“அக்கா, அது பூ வேலை இல்லீங்க. ஆவி மேல போயி தண்ணியாகுதில்ல, அது கீழ குளிக்கறவன் தலையில சொட்டக் கூடாது. வளைவுல இருக்கற பள்ளம் வழியா சுவத்துக்கு ஓடிரணும். அதுக்குத்தான்” என்றாள்.

கலாவதி அவளைக் கட்டிக்கொண்டாள். சிடியில் டிசைன் என்ற இடத்தில் உன் பெயர்தான் முதலில் வரும், நான் பேசிவிட்டேன் என்றாள். அன்று முழுவதும் நாகமணி தரையில் கால் பாவாமல் நடந்தாள். வெங்கடாசலமும் கேட்டுவிட்டு சந்தோஷப்பட்டான். அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது.

1998 அக்டோபரில் சிடி வெளிவந்தது. பிளசன்டனில் ஒரு நூலகக் கூடத்தில் சனிக்கிழமை மதியம் அதை அறிமுகப்படுத்தினார்கள். ஆசிரியர்கள், பெற்றோர்கள், தமிழ் முகங்களும் நிறைய. நாகமணி மாம்பழக் கலர் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். விளக்கை அணைத்ததும் திரையில் அவளுடைய கட்டடம் எழும்பியது. மாடங்கள், முற்றம், தென்மேற்கு ஜன்னலில் சாய்ந்து விழும் வெளிச்சம். அவளுக்குக் கண் கலங்கியது. முடிவில் பெயர்கள் ஓடின. டிசைன், ஆராய்ச்சி இரண்டுக்கும் எதிரே கலாவதியின் பெயர் இருந்தது. நாகமணியின் பெயர் எங்கேயும் இல்லை. ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, இன்னொரு பக்கம் வரும் என்று அவள் காத்திருந்தாள். விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

ஓர் ஆசிரியை எழுந்து, கூரையில் இருந்த அந்த வரிகள் என்ன என்று கேட்டாள். கலாவதி மைக்கை வாங்கி ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சமையலறையில் இட்லி வைத்திருந்தேன், இட்லி என்பது எங்கள் ஊரில் ஆவியில் வேகவைக்கும் பலகாரம், மூடியைத் திறந்தேன், நீர் சொட்டியது, எனக்கு அப்போதுதான் புரிந்தது என்றாள். கூடம் சிரித்துக் கைதட்டியது. நாகமணி பக்கத்தில் திரும்பினாள். வெங்கடாசலம் கைதட்டவில்லை. ஆனால் அவன் முகத்தில் ஆச்சரியமும் இல்லை. குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும்போது 680 நெடுஞ்சாலையில் டிராஃபிக் நின்று நின்று நகர்ந்தது. நாகமணி கேட்டாள்.

“ஏனுங்க, இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

அவன் பிரேக்கை மிதித்தான். பிறகு சொன்னான். கோடையிலேயே கலாவதி அவனுக்கு போன் செய்திருக்கிறாள். பெயர் போட்டால் ஹெச்-ஃபோரில் வேலை செய்ததாக ஆகிவிடுமோ, கிரீன் கார்டுக்கு இடைஞ்சல் வருமோ என்று கேட்டிருக்கிறாள். அவன் பயந்துபோய், போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ பாதியில நிறுத்திருவேன்னு கலா சொன்னாங்க. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. நீ சந்தோஷமா இருந்தே நாகு. அதைக் கெடுக்க மனசு வரல.”

அந்தப் போனுக்குப் பிறகுதான் அவள் அடுப்பறையையும் கூரையையும் முடித்திருந்தாள். அந்த நாட்களில் அவன் அலுவலகத்திலிருந்து வந்து, மேசையருகே நின்று, நல்லா வந்திருக்கே என்று சொன்னதெல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வீடு போய்ச் சேரும்வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் போனதைவிட, இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு தன்னை வேலை வாங்கியது அவளுக்கு நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது.

அடுத்த வாரம் கலாவதி ஸ்வீட் பெட்டியோடு வந்தாள். கம்பெனி அடுத்து ஒரு ரோமானிய நாடக அரங்கம் செய்யப்போகிறதாம். நாகமணி காபி கொடுத்தாள்.

“நான் என்ன பண்றது நாகு? வெங்கட்தான் வேணாம்னார். உன் நல்லதுக்குத்தானே.”

“பேரைப் போடாம விட்டது புரியுதுங்க அக்கா. என் இட்லிப் பானையை எதுக்கு உங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போனீங்க?”

கலாவதி டம்ளரைக் கீழே வைத்தாள். “மைக்கைப் பிடிச்சதும் அப்படியே வந்துடுத்து. நானும் அங்க இருந்தேனே” என்றாள்.

“இருந்தீங்க. அதனாலதான் தாங்க முடியல.”

 கலாவதி போகும்போது நாகமணி வாசல்வரை வந்து கதவைச் சாத்தினாள். அதன்பின் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. கடையிலோ கோயிலிலோ பார்த்தால் கலாவதிதான் முதலில் வேறு பக்கம் திரும்புவாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நாகமணி பென்சிலைத் தொடவில்லை. வெங்கடாசலம் பலமுறை மன்னிப்புக் கேட்டான். அவள் சரி என்பாள். இருவருக்கும் அது சரியாகவில்லை என்று தெரியும். மறு வருடம் அவள் வளைகுடாவின் கிழக்கே, ஈஸ்ட் பே பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை மேற்படிப்புக்கு அப்ளை பண்ணினாள். இடம் கிடைத்த பிறகுதான் அவனிடம் சொன்னாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று அவன் ஆரம்பித்து, பாதியில் வாயை மூடிக்கொண்டான். அங்கே ஒரு பெண்ணோடு அறையைப் பகிர்ந்துகொண்டு, வார இறுதிக்கு மட்டும் சன்னிவேல் வந்து போனாள்.

கிரீன் கார்டு 2001 மே மாதம் வந்தது. அவன் கம்பெனியில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த சமயம். இரண்டு அட்டைகளையும் மேசைமேல் வைத்து, பெருமூச்சு விட்டான்.

“இனிமே உன் பேரை எங்க வேணாலும் போட்டுக்கலாம்” என்றான். அவளைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னான்.

நாகமணி தன் அட்டையை எடுத்துப் பர்ஸில் வைத்தாள். இப்போது என்ன வரைகிறாய் என்று அவன் கேட்டான். ஒரு பள்ளிக்கூடம் என்றாள். காட்டேன் என்றான்.

“முடியட்டுங்க” என்று சொல்லிவிட்டு, அவள் சோறு வைக்க எழுந்து போனாள்.