சேர்ந்திருந்த இடம்

தயானி அப்பாவின் மார்பில் ஒட்டியிருந்த இசிஜி வில்லைகளை மெதுவாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். இனி அவருக்கு வலிக்காது என்று தெரியும். ஆனாலும் நரைத்த முடி இழுபடும்போதெல்லாம் கை தானாகவே நின்றது.

திரைக்கு அந்தப் பக்கம் அண்ணன் சதீஸ்குமார், சவப்பெட்டிக்கும் வேனுக்கும் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். கொழும்பில் வேலை செய்பவன். முந்தின நாள்தான் தேயிலைத் தோட்டத்து வீட்டுக்கு வந்திருந்தான். அம்மா பாக்கியலெட்சுமி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விடிகாலையில் அப்பா நெஞ்சைப் பிடித்தபடி சரிந்ததிலிருந்து அவள் அழவுமில்லை, உட்காரவுமில்லை. மாரடைப்பு என்று வார்ட் டொக்டர் சொன்னபோதும் ஒன்றும் கேட்கவில்லை.

அப்போதுதான் டொக்டர் ரிஸ்கா வந்தார். சில மாதங்களுக்கு முன் அப்பாவின் குடலிலிருந்த கட்டியை வெட்டி எடுத்தவர். வெட்டிய இரண்டு முனைகளையும் தையலுக்குப் பதிலாக ஒரு சின்ன வளையத்தால் சேர்த்திருந்தார். குடல் ஒட்டும்வரை பிடித்திருந்துவிட்டுத் தானாகக் கரைந்துபோகும் வளையம். இன்னும் சோதனையில் இருந்த கருவி அது. சம்மதித்தவர்களுக்கு மட்டும்தான் போட்டார்கள். தேயிலை ஃபெக்டரியில் ரோலர் மெஷினோடு காலம் கழித்த அப்பா முருகையா, "பெல்ட்டு அறுந்தா நாங்களும் கிளிப்பு போட்டுத்தான் சேப்போம். போடுங்க டொக்டர்" என்று சிரித்தார். பக்கத்தில் நின்று தலையாட்டியவள் தயானி.

ரிஸ்கா அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதக் கேக்க எனக்கு மனசே வரல. வளையம் போட்ட இடத்த மட்டும் தொறந்து பாக்க விடுவீங்களா? உயிரோட இருக்கிறவங்ககிட்ட அத முழுசாப் பாக்க ஏலாது. வேணாம்னா வேணாம், கட்டாயம் இல்ல."

சதீஸ்குமார் திரையை விலக்கினான். "உசிரோட இருக்கயில பண்ணுன சோதன பத்தாதா டொக்டர்? செத்தும் அறுக்கணுமா?" தயானியிடம் திரும்பினான். "நீதானே அன்னைக்கு சரின்ன. இப்பச் சொல்லு."

ஒப்பரேஷனுக்குப் பிறகு அப்பா மரக்கறித் தோட்டம் கொத்தியதையும், திருவிழாவில் தேர் வடம் பிடித்ததையும் சொல்ல நினைத்தாள். ஆனால் அந்த வளையம்தான் காரணமோ என்று அவளுக்கும் உள்ளே ஒரு சந்தேகம் இருந்தது.

"பாருங்க டொக்டர்" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரும்மா" என்றான் சதீஸ்குமார்.

"பாக்கட்டும்யா. எனக்குத் தெரியணும்."

வெளியே பெஞ்சில் அம்மாவை உட்கார வைத்து, தயானி பிளேன்டீ வாங்கி வந்தாள். அம்மா கப்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாளே தவிர குடிக்கவில்லை.

"என்னம்மா தெரியணும்?"

"அண்ணன் வந்திருக்கானேன்னு ராத்திரி பலாக்காக் கறி ஆக்குனேன். அவருக்குக் கஞ்சிதான் வச்சிருந்தேன். எல்லாம் சாப்பிடலாம்னு டொக்டர் சொல்லியும் எனக்குப் பயம். 'ஒரு அகப்ப போடு பாக்கியம்'னாரு. போட்டேன். ரொட்டியும் கேட்டாரு, குடுத்தேன்." அம்மாவின் குரல் இறங்கியது. "காலையில நெஞ்சு எரியுதுன்னுதான் மொதல்ல சொன்னாரு. குடலு சேத்த எடம் பிஞ்சிருந்தா? நாந்தானே..."

சுவரில் சாய்ந்து நின்ற சதீஸ்குமாரின் போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. வந்து அம்மாவின் மறுபக்கம் உட்கார்ந்தான்.

"பலாக்கா ஆக்கச் சொன்னது நாந்தாம்மா" என்றான்.



ரிஸ்கா திரும்பி வந்தபோது அம்மா எழப் பார்த்தாள். அவர் அவளை உட்கார வைத்து, தானும் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"வளையம் முழுசாக் கரைஞ்சிருச்சும்மா. குடல் அழகாச் சேர்ந்திருக்கு. எங்க வெட்டினேன்னு நானே தேடித்தான் கண்டுபிடிச்சேன்."

"ராத்திரி பலாக்கா சாப்பிட்டாரு" என்றாள் அம்மா. "ரொட்டியும்."

"சாப்பிடட்டுமே. அதுக்குத்தானே சேர்த்தோம்." ரிஸ்கா அவள் கையைப் பிடித்தார். "நின்னது இதயம்தாம்மா. நீங்க குடுத்ததால ஒன்னும் ஆகல."

அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப இனி எல்லாருக்கும் போடுவீங்களா?"

"இவர் ஒருத்தர வச்சு அப்படிச் சொல்ல ஏலாது. இன்னும் நிறையப் பேர்ல பாக்கணும். நாளைக்குப் பூனாகலையில இருந்து வந்திருக்கிற ஒரு பொம்பளப் புள்ளைக்கு இதே ஒப்பரேஷன் இருக்கு. ரொம்பப் பயந்துபோய் இருக்கா."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எங்க வீட்டுக்காரரு நல்லாச் சாப்பிட்டாருன்னு அந்தப் புள்ளகிட்டச் சொல்லுங்க."

பிற்பகலில் வேன் தோட்டத்துக்குப் போகும் ஸ்பிரிங்வெளிப் பாதையில் ஏறத் தொடங்கியது. பெட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு அம்மா அழுதாள். முதல் வளைவுகள் முழுக்க, வாய்விட்டு, அடங்கி, மறுபடியும் அழுதாள். பிறகு தயானியின் தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிப்போனாள். தயானி அசையாமல் இருந்தாள்.

முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்த சதீஸ்குமார், டிரைவரின் கையைத் தொட்டான்.

"கொஞ்சம் மெதுவாப் போங்கண்ணே" என்றான். "அம்மா தூங்குறாங்க."